மணிக்கோபுரமும் சீரகக் கேக்கும்

லீட்ஸ்
14 செப்டம்பர் 2019

ஹெஸ்டர்,

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை, காலை 11 மணி 40 நிமிடம். ஹெம்லிங் தேவாலயத்தில் உங்கள் கேக் மேசையில் ஏழு கேக்குகள் இருந்தன. இரண்டில் மட்டும்தான் சீரகம் போட்டிருந்தது. ஆனால் கறுப்பு மணிகள் நான்கில் இருந்தன.

மற்ற இரண்டுக்கும் மணி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தால் போதும். ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். பொடியாகி, உள்ளே பூச்சிச் சிறகு மினுங்கியது. சீரகம் மினுங்காது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு துண்டை முழுதாகத் தின்றுவிட்டு என் பக்கம் திரும்பி, “சீரகம் என்ன வாசனை பாருங்க!” என்றாள். அவள் தின்றது எலுமிச்சைக் கேக்.

நான் வருவதாக உனக்குச் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு என் போன் எண்ணை நீ முடக்கி வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தத் தபால். அந்த நேரம் நீ பக்கத்து வயலில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாய். நான் வேலியோரமாக உள்ளே வந்துவிட்டேன். எல்லோரும் வரலாம் என்றுதானே பலகை வைத்திருந்தீர்கள்.

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது முதலில் ஈரம், அடுத்து வவ்வால் மூத்திரம், அதற்கும் மேலே அல்லிப்பூ. பூவை வைத்தால் நாற்றம் போய்விடும் என்று உங்கள் பூ அலங்காரக் குழுவில் யாரோ நினைத்திருக்கிறார்கள். போகவில்லை. மூன்றும் சேர்ந்து, செத்த எலிக்குச் சென்ட் அடித்த மாதிரி இருந்தது. வடக்குச் சுவரோரம் கல்லறை மேல் கற்சிலையாகப் படுத்திருக்கும் அந்தப் பிரபு, அறுநூறு வருஷமாகக் கைகூப்பிக்கொண்டிருக்கிறவர், அவர் மூக்கிலிருந்து உதடு வரை வெள்ளைக் கோடு வழிந்திருந்தது. ஒரு பையன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்தான். அவன் அம்மா அந்தப் பிரபுவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘அழகு.’ ‘என்ன அமைதி!’ ‘அழகோ அழகு.’ இந்த நாட்டில் ஒருவர் வாயிலும் ‘நாறுகிறது’ என்ற சொல் வராது. பல் உடைந்தாலும் வராது.

இதெல்லாம் அருவருப்பு, அவ்வளவுதான். துடைத்தால் போகும். இதற்காக நான் தபால்தலை ஒட்டவில்லை.

கோபுரத்துக்குப் போனேன். படியடியில் உன்னோடு தேவாலயப் பராமரிப்பைப் பார்க்கும் வார்டனாக இருக்கும் பெட்டிங்கேல் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

“அட, நம்ம ரூஃபஸா! என்னப்பா, மறுபடியும் கோபுரத்த மூட வந்தியா?”

“பாக்க வந்தேன் மிஸ்டர் பெட்டிங்கேல்.”

“பாரு, பாரு. கண்ணால மட்டும் பாரு. போன தடவ நீ பாத்ததுக்கே உங்கப்பா பாவம் சத்தமே இல்லாம போனாரு.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே சிரித்தார்கள்.

கயிறு இழுக்கும் அறையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தடவை சின்ன மணியின் கயிற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்காதபோது சங்கிலியைத் தாண்டி ஏணியில் ஏறி மணிகள் இருக்கும் தளத்துக்குப் போனேன். ஆமாம், ‘அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது. படித்தேன்.

ஆறு மணிகளையும் தாங்கும் சட்டம் இரண்டு பெரிய ஓக் உத்தரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உத்தரங்களின் நான்கு முனைகளும் சுவருக்குள் குழியில் செருகியிருக்கின்றன. மரம் அங்கே மூச்சு விட வேண்டும். குழியைச் சுற்றி இடைவெளி விட்டு, சுண்ணாம்புச் சாந்து மட்டும் பூசிக் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. படிப்பறிவே இல்லாதவர்கள். ஆனால் பிற்பாடு ஏதோ ஒரு முட்டாள், வடிகட்டின முட்டாள், மேற்குப் பக்கக் குழிகளைச் சிமெண்ட் வைத்து நெருக்கி அடைத்திருக்கிறான். சுவரில் இறங்குகிற மழைநீர் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. பெரிய மணிக்குக் கீழே இருக்கும் உத்தரத்தின் முனையில் என் சின்னத் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அழுத்தக்கூட இல்லை, வைத்தேன். பிடி வரைக்கும் போய்விட்டது. வெளியே எடுத்தபோது பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மழைக்கால நாய்க்காளான் நாற்றம். கைக்குட்டையில் துடைத்தேன். கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

எனக்குக் கீழே யாரோ ஒரு குழந்தை கயிற்றை இழுத்தது. சின்ன மணிதான். உத்தரம் என் உள்ளங்கையில் அசைந்தது.

இறங்கி வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அக்டோபர் 12, சனிக்கிழமை, உனக்கும் எல்லிஸுக்கும் திருமணம், ஆறு மணிகளும் முழங்கும். எனக்கு அழைப்பு வரவில்லை. அது வேறு விஷயம். திருமணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் மேற்கு வாசல் வழியாகத்தான் வெளியே வருவீர்கள். மேற்கு வாசல் கோபுரத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

மணிகளை ஆட்டாதே. இதுதான் நான் சொல்ல வந்தது.

ரூஃபஸ்

*

ஹெம்லிங்
19 செப்டம்பர்

ரூஃபஸ்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பெட்டிங்கேல் வந்துவிட்டார். “உன் தம்பி திருடன் மாதிரி வந்துட்டு திருடன் மாதிரி போனாம்மா” என்றார். கடிதத்தைப் படித்த பிறகு, அவர் குறைத்துச் சொன்னார் என்று தோன்றியது.

கேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், நீ அங்கிருந்துதானே ஆரம்பித்தாய். வவ்வால்களைத் தொடச் சட்டம் விடாது. காலையில் எட்டு மணிக்கு நானும் இன்னும் நான்கு பேரும் பெஞ்சு பெஞ்சாகத் துடைத்தோம். கேக்குகளைத் துணி போட்டு மூடினோம். பதினொன்றரைக்குத் துணியை எடுத்தோம். பத்து நிமிஷத்தில் நீ வந்து எண்ணிவிட்டாய். எண்ணுவதற்கு நீ, துடைப்பதற்கு நாங்கள். அந்த எலுமிச்சைக் கேக் திருமதி பெட்டிங்கேல் செய்தது. தைரியம் இருந்தால் அவளுக்கு எழுதிச் சொல். சீரகக் கேக் இரண்டும் நான் செய்தவை. அப்பாவுக்குப் பிடித்தது என்பதால் செய்தேன். அதை நீ தொடக்கூட இல்லை.

நான் மாட்டு வைத்தியரிடம் எட்டு வருஷமாக வேலை செய்கிறேன். தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்றை இழுத்தவள். எனக்கு எச்சத்தைப் பற்றி நீ பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது கோபுரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா பெட்டிக்குள் படுத்திருக்கும்போது, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ திருச்சபை மேலிடத்துக்குப் போன் செய்தாய். மேற்குச் சுவரில் விரிசல், மணி ஆட்டினால் ஆபத்து என்றாய். அவர்கள் தடை போட்டார்கள். பத்து நாள் கழித்து கட்டட நிபுணர் வந்து, தேநீர் குடித்து, தொலைநோக்கி வைத்துப் பார்த்து, “விரிசல் கிழடு, உங்க எல்லாரையும் விடக் கிழடு, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அப்பா மண்ணுக்குள் போய்விட்டார்.

இந்த ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கலாம். ஆண் செத்தால் பெரிய மணியில் ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு. பிறகு வயதுக்கு ஒவ்வொன்று. அடக்கத்துக்கு முன்னால் அடித்துவிட வேண்டும், பிறகு அடிப்பதில்லை. நாற்பது வருஷம் இந்த ஊரில் செத்த ஒவ்வொருவருக்கும் அப்பாதான் அடித்தார். குழந்தைகளுக்குக்கூட. வயலில் வேலை செய்கிறவர்கள் நின்று எண்ணுவார்கள், யார் என்று எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஒருவரும் அடிக்கவில்லை. சவப்பெட்டி போகும்போது எனக்குக் கேட்டது பெட்டிங்கேலின் பூட்ஸ் சத்தம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு அடிக்கிறோம். கோபுரம் நிற்கிறது. அன்றைக்குச் சுவர் என்றாய், இன்றைக்கு உத்தரம் என்கிறாய். அடுத்த தடவை என்ன, மேகமா?

கடைசியாக ஒன்று. வடிகட்டின முட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, சிமெண்ட் வைத்து அடைத்தவன். அவன் யார் தெரியுமா? அப்பா. நீ லீட்ஸுக்குப் படிக்கப் போன முதல் வருஷம். குளிர்காற்று அந்தக் குழிகள் வழியாக இறங்கி, கயிறு இழுக்கிற கிழவர்களின் கழுத்தில் விழுகிறது என்று, தன் சொந்தச் சிமெண்டை மூட்டை மூட்டையாக ஏணியில் தூக்கிக்கொண்டு போனார். வாளி தூக்கிக் கொடுத்தது நான்.

அழைப்பு வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஏன் வரவில்லை என்று உன் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பார்.

ஹெஸ்டர்

*

லீட்ஸ்
22 செப்டம்பர்

ஹெஸ்டர்,

அப்பா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு சொல் போட்டிருப்பேன். உத்தரம் அதே அளவுதான் அழுகியிருக்கும்.

கோபப்படாமல் படி. கோபப்பட்டாலும் கடைசி வரை படி.

அன்றைக்கு நான் சொன்ன கோபுரம் சரி, காட்டிய இடம் தவறு. விரிசலைப் பார்த்து மேலே ஏதோ நகர்கிறது என்று புரிந்தது, எது என்று தேட மேலே போகவில்லை. அந்தக் கட்டட நிபுணரும் போகவில்லை. அவர் தொலைநோக்கியில் பார்த்தார். தொலைநோக்கியில் மரத்துக்குள் தெரியாது. இரண்டு பேரும் தரையில் நின்று தீர்ப்புச் சொன்னோம், அவர் சொன்னது உங்களுக்குப் பிடித்தது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இரண்டு வருஷம் நின்றது என்கிறாய். நிற்கிற மணிக்கும் ஆடுகிற மணிக்கும் வித்தியாசம் இருக்கிறது. பெரிய மணி ஏறத்தாழ ஒரு வளர்ந்த காளையின் எடை. அதைத் தலைகீழாக நிறுத்தி விடுகிறீர்கள், அது சுற்றிக்கொண்டு விழுகிறது. அடியில் வரும்போது தன் எடையைப் போல நான்கு மடங்கு கீழே இழுக்கும். நான்கு காளைகள், நிமிஷத்துக்கு இருபத்தைந்து தடவைக்கு மேல், ஒரு ஈரமான பஞ்சின் மேல் குதிக்கின்றன. மாதம் ஒரு நாள் கால் மணி நேரம் என்பதால் தாங்கியது. கல்யாணத்துக்கு எவ்வளவு நேரம்? முக்கால் மணி என்று பலகையில் போட்டிருந்தது.

இந்த முறை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்யக் கை அரிக்கிறது. தினம் மதியம் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு அடுத்த ஒத்திகை அக்டோபர் 6. அதற்குள் நீ மேலே போய், கையில் கூராக எதையாவது எடுத்துக்கொண்டு, பெரிய மணிக்குக் கீழே மேற்கு முனையில் குத்திப் பார். இறங்கவில்லை என்றால் நான் பொய்யன், இனி எழுத மாட்டேன். இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வார்டன் நீயே முடிவு செய். அக்டோபர் 4 மாலை வரை உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நான் போன் செய்வேன். போன தடவை சொல்லாமல் செய்தேன், இந்தத் தடவை சொல்லிவிட்டுச் செய்கிறேன். அந்த வாசலில் நீ நடக்கப்போகிறாய். அதற்கு மேல் எனக்கு நாகரிகம் தெரியாது.

சீரகக் கேக்கைத் தொடாததற்குக் காரணம் மணி எது, எச்சம் எது என்று தெரியாததுதான். நீ செய்தது என்று தெரியாது.

ரூஃபஸ்

*

ஹெம்லிங்
27 செப்டம்பர்

ரூஃபஸ்,

போனேன்.

எல்லிஸையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை மத்தியானம் போனேன். கூராக ஏதாவது என்றாய். அடுப்படியில் கேக் வெந்ததா என்று குத்திப் பார்க்கிற நீளக் கம்பி இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். நீ பொய்யன் என்று நிரூபிக்க அதற்கு மேல் ஆயுதம் வேண்டாம் என்று நினைத்தேன்.

முதலில் உத்தரத்தையே பார்க்க முடியவில்லை. சாம்பல் கழுத்துக் காக்கைகள் வருஷக்கணக்காகச் சுள்ளி கொண்டுவந்து போட்டு, அந்த மூலை முழுவதும் இடுப்பளவுக்கு மேடாக இருந்தது. நீ எப்படி உள்ளே புகுந்தாய் என்று தெரியவில்லை, கீரி மாதிரி புகுந்திருப்பாய். எல்லிஸ் கையால் வாரினார். மேல் சுள்ளி காய்ந்திருந்தது. கீழே போகப் போக ஈரம், பிறகு கறுப்புக் கூழ். அதற்குள் முட்டை ஓடு, கம்பளி, தோல் மட்டும் மிஞ்சிய குஞ்சுகள், யாருடைய கல்லறையிலிருந்தோ திருடிய பிளாஸ்டிக் ரோஜா. எல்லிஸ் பன்றி வளர்க்கிறவர். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

“என்னங்க, உங்களுக்கேவா?” என்றேன்.

“பன்னி சுத்தமான ஜீவன், ஹெட்டி. இது வேற” என்றார்.

மேற்கு முனை தெரிந்தது. அப்பாவின் சிமெண்ட் அப்படியே இருந்தது. பூசிவிட்டுக் கரண்டி முனையால் மீன் செதில் மாதிரி வரி வரியாக இழுப்பாரே, நம் வீட்டுப் பின்வாசல் படியில் இருக்கிறதே, அதே வரி. யாரும் பார்க்காத இடத்திலும் இழுத்திருக்கிறார்.

கம்பியைக் குத்தினேன். ரூஃபஸ், அது வெண்ணெயில் போகிற மாதிரி போகவில்லை. அப்படிப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முதலில் மேல்தோல் ஒரு தடவை பொருமி, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பியின் பிடி வளையம் வரை போய்விட்டது. வெளியே எடுத்தேன். நடு வேகாத கேக்கில் ஒட்டுமே, அது மாதிரி பழுப்பாக, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. செத்த கன்றைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் பார்த்து வாந்தி எடுத்தேன். அப்பாவின் மணிக்குக் கீழே.

கீழ்த்தளத்தையும் மேற்கு வாசலையும் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். நேற்று சபைக் கூட்டத்தில் சொன்னேன். பெட்டிங்கேல் எழுந்து, “உன் தம்பி எழுதிக் குடுத்தத வாசிக்கிறியாம்மா?” என்றார். கம்பியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன், கழுவாமல். அவிழ்த்து மேசையில், அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மோந்து பார்த்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார். கோபுரத்தை மூடுவதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். மேலிடத்துக்கு நானே போன் செய்தேன். நீ செய்ய வேண்டாம்.

ஆகவே நீ சொன்னது சரி. திருப்திதானே? அப்பாவுக்கும் மணி இல்லை, எனக்கும் இல்லை. இதில் எது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது தெரியுமா? குளிரடிக்கிறது என்று பாவப்பட்டு, தன் சிமெண்டைத் தானே தூக்கிப் போய், அந்த உத்தரத்தை அழுக வைத்தவர் அவர். நான் வாளி தூக்கினேன். பெரிய மணியின் வாயை அவர் கையாலேயே அடைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. உன் மேல் இரண்டு வருஷம் கோபமாக இருந்தேன், அது சுலபமாக இருந்தது. இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

நீ எஞ்சினியர். உனக்குத் தெரிந்தால் சொல்.

ஹெஸ்டர்

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ கத்துவாய்.

*

லீட்ஸ்
30 செப்டம்பர்

ஹெட்டி,

யார் மேலும் கோபப்பட வேண்டாம் என்று எழுத எனக்கு வராது. எனக்கு அந்தக் கட்டட நிபுணர் மேல் கோபம் இருக்கிறது, காக்கைகள் மேல் இருக்கிறது, எதற்கெடுத்தாலும் சிமெண்டைப் பூசித் தள்ளிய அந்தக் காலத்து மேஸ்திரிகள் அத்தனை பேர் மேலும் இருக்கிறது. நான் வேலை செய்யும் பழைய கட்டடங்களில் பாதி இப்படித்தான் அழுகுகின்றன. நல்லது செய்கிறோம் என்று அடைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு தடவையாவது என் கை அந்தக் கூழில் போகிறது. பழகவே இல்லை.

அப்பா குளிரைத்தான் அடைத்தார். ஐந்து கிழவர்கள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு கயிறு இழுத்ததை நானும் பார்த்திருக்கிறேன். காரணம் சரி, பொருள் தவறு. சுண்ணாம்பில் பூசியிருந்தால் இன்றைக்கும் உத்தரம் இருந்திருக்கும். இரண்டு மூட்டை வித்தியாசம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது, முதல் வருஷத்தில் எனக்கும் தெரியாது. வாளி தூக்கியவளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. இது ஆறுதல் இல்லை, கணக்கு.

இப்போது கவனி. நீ ‘மணி இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அது தவறு. ஆட்டத்தான் கூடாது. ஆட்டாமல், அசையாமல் தொங்கவிட்டு, ஒருவன் பக்கத்தில் நின்று சுத்தியால் தட்டினால் உத்தரத்துக்குத் தன் எடை மட்டும்தான். அதையும் அந்த முனை தாங்க வேண்டாம், கீழேயிருந்து இரும்பு முட்டுக் கொடுக்கலாம். முட்டுகள் மேற்கு வாசல் தரையில்தான் நிற்கும், அதனால் அந்த வாசல் உனக்குக் கிடையாது. மற்றபடி மணி உண்டு. எங்கள் அலுவலகத்தில் தேவாலயக் கட்டடங்களைப் பார்க்கும் ஆளிடம் கேட்டேன். அவரும் உங்கள் மேலிடத்து ஆளும் இன்று பேசி, தற்காலிகமாகச் சரி என்று ஒத்துக்கொண்டார்கள். கடிதம் உனக்குத் தனியாக வரும். இந்த முறை அந்தத் தொலைநோக்கி ஆள் ஏணியில் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்று ஏற்றுகிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு அடிப்பதில்லை என்று எழுதியிருந்தாய். பெட்டிங்கேலும் அதையே சொல்வார். சொல்லட்டும். அவர் மோந்து பார்த்த கம்பியை மறுபடி காட்டு.

நான் செய்யப்போவது:

1. அக்டோபர் 9 புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியில் இரும்பு முட்டுகளோடு வருகிறேன். முகமூடி எனக்கு, எல்லிஸுக்கு, உனக்கு என்று மூன்று கொண்டுவருவேன். எல்லிஸ் மறுபடி ஜன்னலுக்கு ஓடக் கூடாது.

2. வவ்வால் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, எந்த மூலையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொள்வேன். எனக்கு அவற்றைப் பிடிக்காது. சட்டம் சட்டம்தான்.

3. சுள்ளிக் குவியலைக் கோணியில் கட்டி இறக்குவேன். பிளாஸ்டிக் ரோஜாவைத் துடைத்துத் தருவேன், யாருடைய கல்லறை என்று நீ கண்டுபிடி.

4. முட்டுக் கொடுத்த பிறகு அப்பாவின் சிமெண்டை உளியால் எடுப்பேன். மீன் செதில் வரி இருக்கிற துண்டை உடைக்காமல் எடுக்கப் பார்ப்பேன். வந்தால் உன் வீட்டுக்கு.

5. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெரிய மணிப் பக்கத்தில் தோல் சுற்றிய சுத்தியோடு நிற்பேன். ஒன்பது அடி. பிறகு அறுபத்து மூன்று. நீ கீழே கல்லறைத் தோட்டத்தில் நின்று எண்ணு. காதை அடைத்துக்கொண்டு அடிப்பேன், எண்ணிக்கை தவறினால் கத்து.

6. சனிக்கிழமை நீயும் எல்லிஸும் தெற்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள். ஆறு மணியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவேன், கை ஓயும் வரை. முழக்கம் போல இருக்காது. எனக்கு இசை வராது, உனக்குத் தெரியும்.

7. கீழே இறங்கி வந்து, கை கழுவி, சீரகக் கேக்கில் ஒரு துண்டு தின்பேன். மூடியே வை.

ரூ